மாத்திரை போடும் சாமி

ஜனவரி 17, சனி

மாத்திரை: காலை, இரவு. தூக்கம்: சரி. வரவில்லை.

மாத்திரை, தூக்கம், ‘அது’ வந்ததா இல்லையா: நரம்பு டாக்டர் தினமும் எழுதச் சொன்னது இந்த ஒரு வரியைத்தான். நான் மற்றதையும் எழுதிவிடுகிறேன். பேசுவதைவிட எனக்கு இது எளிது.

இன்று வைரமணி சார் வீட்டுக்கே வந்தார். அப்பா அவருடைய கடைக்குத்தான் டைல்ஸ் ஒட்டுகிறார். சார் நல்லுள்ளம் சேவை மன்றத்துக்கும் தலைவர். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

“நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு மூளை அலை பாக்குற மிஷின் வாங்கித் தரப் போறோம். காரைக்குடியிலருந்து பழனி வரைக்கும் நடந்து நிதி திரட்டுறோம். பாதிக்கப்பட்ட புள்ள ஒண்ணு கூட நடந்தா மக்கள் மனசுல நிக்கும். நம்ம ரோஷினி பாப்பா இருக்கே.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். “பாதிக்கப்பட்டதுன்னு யாருங்க சொன்னா? எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்ல.”

அப்பா தரையைப் பார்த்தார். லீவு கேட்கும்போது எப்போதோ சாரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

“சரித்தா, தன்னார்வலர்னு போட்டுருவோம்” என்றார் சார்.

அதற்குப் பிறகுதான் அம்மா ஒத்துக்கொண்டாள். நடக்கப்போவது வலிப்புக்காக. நடக்கிறவளுக்கு வலிப்பு என்பது மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது.

ஒன்பதாம் வகுப்பில், கணக்கு வகுப்பில், எல்லார் முன்னாலும் எனக்கு வந்தது. பாவாடை நனைந்துவிட்டது. உடம்பு சரியாகிற வரைக்கும் வீட்டில் இருக்கட்டும் என்று கணக்கு டீச்சர் சொன்னார். இன்னும் இருக்கிறேன். எனக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று அம்மா தெருவில் சொல்லிவைத்திருக்கிறாள். ரேங்க் அட்டைகளைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

மாத்திரை: காலை, இரவு.

மன்றத்தில் பேனருக்கு வாசகம் முடிவு செய்தார்கள். என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் உட்காரவைத்தார்கள். ‘வலிப்பு நோய் விழிப்புணர்வு நடைபயணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

“நல்ல காரியத்துக்குப் போறப்ப அந்த வார்த்தை எதுக்கு?” என்றார் தலைவர். “என் போட்டோவுக்குக் கீழ வலிப்புன்னு இருந்தா பாக்குறவன் என்ன நெனப்பான்?”

கடைசியில் ‘நரம்பு நல நடைபயணம்’ என்று ஆயிற்று. நோட்டீஸிலும் வலிப்பு வருகிற இடத்திலெல்லாம் ‘நரம்பு அதிர்வு’ என்று மாற்றிவிட்டார்கள். மற்றபடி நோட்டீஸ் நன்றாக இருக்கிறது. செய்யக்கூடாதவை ஐந்து: கூட்டம் கூடக்கூடாது, கையில் இரும்பு கொடுக்கக்கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, கை கால்களை அழுத்திப் பிடிக்கக்கூடாது, மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்தக்கூடாது.

டி-சர்ட்டும் கொடுத்தார்கள். கடையின் ஆண்டு விழாவில் மிஞ்சியது. கிளிப்பச்சை. முதுகு முழுக்க டைல்ஸ் விளம்பரம்.

மன்றத்தின் செயலாளர் கலைவாணி அக்கா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். என் புருவத்தைப் பார்த்து, “போறதுக்குள்ள ஒருநா கடைக்கு வாத்தா” என்றார்.

ஜனவரி 24, சனி

மாத்திரை: காலை, இரவு. கால் வலி.

தலைவர் கொடியசைத்தார். பிறகு அதே கொடியை இன்னொருவரிடம் கொடுத்து அசைக்கச் சொல்லி, தாமே நடந்தார். இரண்டையும் படம் எடுத்தார்கள். ஊரே சேர்ந்து நடந்தது போலிருந்தது. முதல் வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். நான், கலைவாணி அக்கா, கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர். மற்றவர்களை வேன் ஏற்றிக்கொண்டது.

ஆனால் சாலையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தைப்பூசம் நெருங்குகிறது. காரைக்குடியிலிருந்து பழனி வரை பாதயாத்திரைக்காரர்கள்தான். வழியெங்கும் பந்தல் போட்டுச் சோறும் மோரும் கொடுக்கிறார்கள். தலைவர் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் மத்தியானம் புரிந்தது. மன்றம் எங்களுக்குச் சாப்பாட்டு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. பழனிக்குப் போகிறவர்கள் உடுத்துவதும் பச்சைதான்.

“நரம்பு நலம்” என்று பையன்கள் கோஷம் போட்டார்கள்.

“அரோகரா” என்று சாலை முழுக்கப் பதில் வந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

மாத்திரை: காலை, இரவு.

திருப்பத்தூர். ஒரு கடைக்காரர் என் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார். நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த காலிலும் ஊற்றிவிட்டார்.

அம்மா போனில் பேசினாள். தெருவில் நான் பழனிக்கு வேண்டுதல் நடை போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம். “அப்படியே கேட்டா நீயும் சொல்லிரு” என்றாள். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 26, திங்கள்

மாத்திரை: காலை.

சிங்கம்புணரியில் தலைவர் கொடியேற்றிவிட்டு, நாங்கள் நடப்பதைக் கொஞ்ச தூரம் வேனிலிருந்து பார்த்தார். பிறகு வேனை நிறுத்தச் சொன்னார்.

“முதுகுல எதுக்குப் பை? விளம்பரம் மறையுதுல்ல. எல்லாப் பையும் வேன்ல ஏத்துங்க.”

ஏற்றினோம். இந்தச் சின்ன நோட்டு மட்டும் பாக்கெட்டில் இருந்தது. மாத்திரை பையில்தான். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டால் யாராவது என்னவென்று கேட்பார்கள்.

சாயங்காலம் வேன் எங்களுக்கு முன்னால் நத்தம் போய்விட்டது. மன்றத்தார் அங்கே லாட்ஜில் தங்குகிறார்கள். நாங்கள் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். பக்கத்திலேயே ஒரு காவடிக் கூட்டம் கொட்டடித்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

மாத்திரை: இல்லை. தூக்கம்: இல்லை.

காலையில் வேன் வந்தது. “சார், என் பை” என்று இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். தலைவர் போனில் இருந்தார். முடிப்பார் என்று நின்றேன். முடித்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

“என்னத்தா வேணும்?” என்று கலைவாணி அக்கா கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.

நத்தத்தில் வேன் நின்றிருந்தது. பைகளின் மேல் பேனர், அதற்கு மேல் நோட்டீஸ் கட்டுகள். டிரைவர் சிக்கந்தர் அண்ணன், “அடியில எதும் வேணும்னா சொல்லுத்தா, எடுத்துத் தர்றேன்” என்றார். அப்போது பையன்கள் சுற்றி நின்றார்கள்.

ஒருவேளையையும் நிறுத்தக்கூடாது என்ற நோட்டீஸை இன்று மட்டும் நிறையப் பேருக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 28, புதன்

வந்தது.

ஜனவரி 29, வியாழன்

மாத்திரை: காலை, இரவு.

நேற்று எழுதக் கை வரவில்லை. நடந்ததில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். மற்றது சிக்கந்தர் அண்ணன் சொன்னது.

நத்தம் தாண்டித் திண்டுக்கல் சாலையில் ஒரு சோற்றுப் பந்தல். பக்கத்தில் கொட்டும் உறுமியும். வாயில் செம்பு டம்ளரை நக்கியது போல ஒரு ருசி வந்தது, இடது கட்டைவிரல் துடித்தது. வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கலைவாணி அக்காவின் சட்டையைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது வாயில் விபூதி, மடியில் எலுமிச்சம்பழம், கழுத்தில் வேப்பிலை. எதிரே பெண்கள் கை கூப்பி உட்கார்ந்திருந்தார்கள். என் வலது கையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது. தூரத்தில் தலைவர், “வேன் சாவியை எவன்யா எடுத்தது?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“ஆத்தா வந்துட்டான்னு ஒரு கிழவி கொலவை போட்டுச்சு பாரு” என்றார் சிக்கந்தர் அண்ணன். “அப்புறம் நிறுத்த முடியல. கை காலை அமுக்கிப் பிடிச்சு, தண்ணிய ஊத்தி… நான் விலகுங்கப்பான்னு சொன்னேன். ஒனக்கு என்ன பாய் தெரியும், இது எங்க சாமின்னுட்டாங்க. தலைவருதான் எங்கிட்டருந்து சாவியப் பிடுங்கி ஒங் கையில வச்சாரு. வச்சதையும் மறந்துட்டாரு.”

நோட்டீஸில் செய்யக்கூடாதவை ஐந்து. மாத்திரையையும் சேர்த்தால் ஐந்தையும் செய்து முடித்துவிட்டோம்.

கலைவாணி அக்கா எடுத்த வீடியோ இன்று எல்லார் போனிலும் இருக்கிறது. ‘நடைபயணத்தில் அருள் வந்த கன்னிப்பெண்’ என்று தலைப்பு வைத்திருக்கிறார். வீடியோ முழுக்க அக்கா ‘ஐயோ, ஐயோ’ என்பது கேட்கிறது. பயந்துதான் போயிருக்கிறார். படம் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

காலையிலேயே திண்டுக்கல்லில் எங்களைப் பார்க்கக் கூட்டம் நின்றது. முதல் தடவையாக. தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாப்பா, நம்ம நோக்கம் என்ன? மக்கள்கிட்ட போய்ச் சேரணும். அஞ்சு நாளா சேர்ந்துச்சா? இப்ப சேர்ந்திருக்கா இல்லையா?”

“அது சாமி இல்ல சார்.”

“நான் சாமின்னு சொன்னேனா? நான் ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் சொல்லாத. அவங்களா நெனைச்சுக்கிறதுக்கு நாம என்ன பண்றது?”

இனிமேல் நடக்க வேண்டாமாம். வேனில் முன் சீட்டு. சிக்கந்தர் அண்ணன் பேனரை விலக்கி என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். இப்போது கேட்காமலே எல்லாம் கிடைக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

மாத்திரை: காலை, இரவு. (கழிவறையில்.)

அம்மா போன் பண்ணினாள். அழுவாள் என்று நினைத்தேன். குரலில் அப்படியொரு தெம்பு.

“பாத்தேன்டி வீடியோவ. தெருவே பாத்துச்சு. நீ வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லிராத. சாமின்னே இருக்கட்டும்.”

“அம்மா, அது எப்பவும் வர்றதும்மா.”

“எனக்குத் தெரியாதா? பெத்தவடி நான். ஒன்பதாப்புல வந்ததும் இதுதான்னு சொல்லிட்டேன். ஒங் கணக்கு டீச்சரு வந்துச்சு. ஆத்தா இருந்த புள்ளைய வெளிய அனுப்பிட்டமேன்னு கண்ணு கலங்கி, விபூதி கேட்டுட்டுப் போச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“வலிப்புக்காரியை நாளைக்கு எவன் கட்டுவான்? சாமி வந்தவள்னா காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கட்டுவான். கேட்டுக்க. அந்த மாத்திரைய நிறுத்திரு. சாமி எறங்குற ஒடம்புல மருந்து ஆகாதாம். கோடாங்கியக் கேட்டேன், உடுக்கடிச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு.”

“டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு…”

“டாக்டரா ஒன்னையக் கட்டிக்கப் போறாரு?”

சரிம்மா என்றேன். பிறகு கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினேன். அட்டை சத்தம் போடாமல் இருக்க, குழாயைத் திறந்துவிட்டுப் பிரித்தேன். வெளியே ஆசி வாங்க ஆட்கள் நின்றார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவர் கேட்டார். தியானம் என்றார் கலைவாணி அக்கா.

இன்று ஒரு போலீஸ்காரர், வக்கீலின் மனைவி, இரண்டு நர்சுகள் வந்தார்கள். நர்சுகள்கூட வந்தார்கள். எல்லார் தலையிலும் கை வைத்தேன். பேச வேண்டியதில்லை. எனக்கு ஏற்ற வேலை என்றுதான் சொல்ல வேண்டும். தெருவில் யாரும் என்னைப் பார்த்து ஒதுங்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போது குனிய வேண்டாம். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 31, சனி

நிறைவு விழாவைப் பழனியில் வைக்கப் போலீஸ் அனுமதி தரவில்லை. பூசக் கூட்டத்தில் இதற்கெல்லாம் இடமில்லையாம். அதனால் ஒட்டன்சத்திரத்தில், சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வைத்தார்கள். பழனி வரை நடைபயணம் என்ற பேனருக்குக் கீழேயே, பழனி போகாமல் நிறைவு செய்தோம்.

பேனரில் ஒரு மாற்றம். ‘அருள்மிகு’ என்று புதிதாக ஒட்டியிருந்தார்கள். தலைவர் படத்துக்குப் பக்கத்தில் என் படம். புருவம் திருத்தி.

மேடையில் ஸ்டீல் நாற்காலியில் மஞ்சள் துணி விரித்து உட்காரவைத்தார்கள். ராத்திரி மாத்திரைக்கு நேரம் நெருங்கியது. ஒன்றை மட்டும் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகியிருந்தேன். கீழே வரிசை நின்றது. கலைவாணி அக்கா தட்டில் விபூதியோடு பக்கத்தில் நின்று, “கையை வச்சுட்டு சீக்கிரம் விடு, நிறையப் பேரு இருக்காங்க” என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு பெண் வந்தாள். சந்தையில் முருங்கைக்காய் கட்டுகிறவள் என்று பின்னால் தெரிந்தது. பெயர் பாப்பாத்தி. கையைப் பிடித்தபடி ஒன்பது பத்து வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் நெற்றியில் பழைய தழும்பு, முன்பல் பாதி உடைந்திருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. விழுகிறவர்களுக்குத்தான் அந்த இடங்களில் அடிபடும்.

“தாயி, இவளுக்கும் வருதுங்க தாயி. நாங்க ஒரு எழவும் தெரியாம ரெண்டு வருசமா மாத்திரை குடுத்துட்டு இருந்தனுங்க. உங்க வீடியோவப் பாத்ததுக்கப்பறம்தான் வெளங்குச்சு. நேத்துக் காலையிலருந்தே நிறுத்திட்டனுங்க. இனி நீங்களே பாத்துக்கோணும்.”

“குடுங்க” என்றேன்.

“என்னங்க தாயி?”

“மாத்திரை. நிறுத்தாதீங்க. குடுங்க.”

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “என்னைச் சோதிக்கறீங்களா தாயி? இனித் தொடமாட்டனுங்க. சத்தியமா தொடமாட்டேன்.”

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் இடது கை கட்டைவிரல் லேசாகத் துடித்தது. எனக்கும் புதன்கிழமை அப்படித்தான் துடித்தது. நேற்று காலையிலும் ராத்திரியிலும் இன்று காலையிலும் நான் தாழ்ப்பாள் போட்டு விழுங்கிய அதே நேரத்தில், என்னைப் பார்த்து இந்தக் குழந்தைக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

காவடிக் கூட்டம் ஒன்று மைதானத்துக்குள் வந்தது. அதன் முன்னால் உடுக்கையோடு ஒரு பெரியவர். மேடையில் ஏறிச் சூடம் கொளுத்தினார்.

“அருள்னா அருள்தான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல? வந்திருக்கறது யாருன்னு நாங்க கேக்கோணும், அது வாய் தொறந்து பேரு சொல்லோணும். அதுக்கப்பறம்தான் நாங்க நம்புவோம். என்னுங்க தலைவரே?”

தலைவருக்கு வேறு வழியில்லை. மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். கலைவாணி அக்கா காதில், “ஏதாச்சும் ஒரு அம்மன் பேரச் சொல்லிரு, போதும்” என்றார்.

பெரியவர் உடுக்கையை அடித்தார். “வந்திருக்கறது யாரு? சொல்லு தாயி. வந்திருக்கறது யாரு?”

பள்ளிக்கூடத்தில்கூட நான் எழுந்து பதில் சொன்னதில்லை. தெரிந்திருந்தாலும் சொன்னதில்லை.

“ரோஷினி” என்றேன்.

மைக்கில் என் குரல் யாருடையதோ போல இருந்தது. உடுக்கை நின்றது.

“எந்த ஊரு தாயி?”

“காரைக்குடி. டைல்ஸ் ஒட்டுற தங்கப்பாண்டி மக.”

பெரியவர் குழம்பினார். “அப்ப… அது எந்தக் கோயிலுங்க?”

“கோயில் இல்லைங்க. எனக்கு வலிப்பு.”

மைதானத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒரு வாரமாக யாரும் சொல்லாத வார்த்தையை நாலும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தன. தலைவர் மைக்கை இழுத்தார். நான் விடவில்லை. அவருடைய கையைவிட என் கை பலமாகப் பிடித்திருந்தது எனக்கே ஆச்சரியம்.

“புதன்கிழமை வந்தது அதுதான். மாத்திரை போடல, அதனால வந்துச்சு. பை வேன்ல இருந்துச்சு. நானும் கேக்கல. கையில சாவி குடுத்தாங்க. குடுக்க வேணாம். தண்ணி ஊத்த வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு சும்மா இருந்தாப் போதும். அதுவா நின்னுரும்.”

வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இடுப்பிலிருந்த காகிதத்தைப் பிரித்து, மாத்திரையை எடுத்து, தலைவருக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எல்லாரும் பார்க்க விழுங்கினேன்.

யாரும் கத்தவில்லை. கல்லும் வீசவில்லை. அப்படியெல்லாம் நடக்கும் என்று நினைத்திருந்தேன். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இதுக்குத்தானா காலையிலருந்து நின்னோம்?” என்றார் ஒருவர். ஒரு அம்மாள் மேடைக்கு வந்து தான் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனார். அது அவருடையதுதானா என்று உருட்டிப் பார்த்தே எடுத்தார். உடுக்கைப் பெரியவர் சூடத்தை ஊதி அணைத்து, மிச்சத்தைப் பொட்டலத்தில் வைத்துக்கொண்டார்.

தலைவர் வேகமானவர். மைக் கைக்கு வந்ததும், “இதுதான்… இந்த விழிப்புணர்வுக்காகத்தான் எங்கள் மன்றம் இத்தனை தூரம் நடந்து வந்தது” என்று ஆரம்பித்தார். அப்போதும் நரம்பு அதிர்வு என்றுதான் சொன்னார்.

பாப்பாத்தி மட்டும் நகரவில்லை. அவள் முகம் மாறிக்கொண்டிருந்தது.

“அப்ப அது சாமி இல்லியா?”

“இல்லக்கா.”

“ஏன்டி, இத மொதல்லயே சொல்றதுக்கு உனக்கு என்னடி கேடு? உன்னைப் பாத்துட்டுத்தானடி எம்புள்ளைக்கு நிறுத்துனேன். அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா நீயா வந்து பாப்ப?”

“தப்புதான்க்கா.”

“தப்பாம். மூஞ்சியப் பாரு.” மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். நிறுத்திவிட்டேன் என்றவள் மாத்திரையைக் கையோடுதான் கொண்டு வந்திருந்தாள். குழந்தை வாயில் போட்டு, என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சோறு தின்னியா? வெறும் வவுத்துலயா மாத்திரையப் போட்ட? அறிவிருக்கா உனக்கு?”

தாயி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய். எனக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

மாத்திரை: காலை, இரவு. தூக்கம்: சரி. வரவில்லை.

விடிந்ததும் மன்றத்து வேன் காரைக்குடிக்குத் திரும்பிவிட்டது. மிஷின் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவார்களாம். சிக்கந்தர் அண்ணன் என் பையை இறக்கிக் கொடுத்துவிட்டு, “ஒங்கம்மா பஸ்ல வந்துக்கிட்டு இருக்காம். ஓடிறாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து என்னைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதிரே இருந்த டீக்கடையிடம் பேசினாள்.

“ஊர்ல ஒரு பய பாக்கியில்ல. எல்லா போன்லயும் ஓடுது. கணக்கு டீச்சரு வாங்கிட்டுப் போன விபூதியத் திருப்பிக் குடுத்து விட்டுருக்கு. திருப்பிக் குடுக்கிற பொருளாடி அது?”

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“மூணு வருசமா பொத்திப் பொத்தி வச்சேன். ஒரு நிமிசத்துல மைக்குல போட்டு ஒடைச்சிட்ட. இனி எவன் வருவான் ஒன்னையக் கட்ட?”

“எனக்குப் பதினேழுதாம்மா ஆகுது.”

“வாயி வேற வந்துருச்சு.”

சாலையில் பச்சைக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றித் தன் மஞ்சப்பைக்குள் போட்டாள்.

“வேண்டுதல் நடைன்னு தெருவுக்கே சொல்லித் தொலைச்சாச்சு. அதையாவது பொய்யாக்காம இருப்போம். எந்திரி.”

நடந்தோம். இந்த ஒரு வாரத்தில் என்னோடு நடப்பவர் வேனைத் தேடாமல் நடந்தது இன்றுதான். அம்மா என் பையைத் தானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அதைத் திறந்து பார்த்து, மாத்திரை அட்டையை எடுத்துத் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நிறுத்தச் சொன்னல்லம்மா.”

“சொன்னேன். சொன்னா நிறுத்திருவியா?” என்றாள்.

மத்தியானம் சாலையோரப் பந்தல் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறியவர் ஐம்பது வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. இலையில் சோறு போட்டுக்கொண்டே எல்லாரையும் கேட்பது போல எங்களையும் கேட்டார்.

“நீங்க எந்த ஊருங்க? என்ன வேண்டுதலு?”

அம்மாவின் கை சோற்றில் நின்றது. எனக்கு அந்த முகம் தெரியும். கேள்வி வந்தால் உடனே ஒரு பதிலைத் தேடும் முகம்.

“காரைக்குடிங்க. நரம்பு…” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். தலையைத் தூக்காமல், இலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இந்தா இருக்காளே, எம்மக. இவளுக்கு வலிப்பு. மைக்குல ஊருக்கே சொல்லிட்டா. நான் மட்டும் ஒளிச்சு என்ன செய்யப் போறேன்? வலிப்புதான். அதுக்குத்தான் நடக்குறோம்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். பந்தி முழுக்க எழுந்து போய்விடும் என்று எதிர்பார்த்தவள் போல. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

பரிமாறியவர் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்படீங்களா. சரிங்க, சாம்பாரா, ரசமா? பின்னால ஆளு நிக்குது.”

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் சுமந்துகொண்டிருந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவள் போல இலையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“ரசம்” என்றாள்.